டிராக்டரில் சிவப்பு விளக்கு எரிகிறதா?

நடவுப் பருவத்தில் ஒரு டிராக்டர் பட்டறையில் நின்றுவிட்டால் நஷ்டம் அதன் சொந்தக்காரருக்கு மட்டுமல்ல. நாற்றங்காலில் நாற்று முதிர, அதை நம்பியிருக்கும் பக்கத்து வயல்காரர்களுக்கும்தான்.

சேற்றுழவின்போது இஞ்சின் இறுகி நின்றுபோன டிராக்டர் ஒன்றைப் பார்த்தேன். டாஷ்போர்டில் ஆயில் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. இரவு உழவில் கண்ணை உறுத்துகிறதென்று டிரைவர் அதன் பல்பைக் கழற்றிவிட்டார். அந்த மினுக்கல்தான் எச்சரிக்கை!

சாவியைத் திருப்பியதும் எண்ணெய்க் குப்பி படமிட்ட சிவப்பு விளக்கும் பேட்டரி படமிட்ட சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். இஞ்சின் ஓடத் தொடங்கிய சில விநாடிகளில் இரண்டும் அணைய வேண்டும். சாவியைத் திருப்பியும் எரியாவிட்டால் கோளாறு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பல்பு போயிருக்கலாம்; ஒயர் அறுந்திருக்கலாம். தினமும் காலையில் இதைப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தால் உடனே இஞ்சினை நிறுத்த வேண்டும். வயல் கோடிவரை போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடும் சில நிமிடங்களிலேயே பேரிங்குகளும் கிராங்க் ஷாஃப்ட்டும் தேய்ந்துவிடும். சமதரையில் சிறிது நேரம் நிறுத்திவைத்து அளவுக்கம்பியைப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் ஊற்றுங்கள். ஒழுகுகிறதா என்றும் கவனியுங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் மெக்கானிக் வரும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

பேட்டரி விளக்கு மட்டும் எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். அதோடு வெப்பமானி முள்ளும் சிவப்பை நோக்கி ஏறினால் முதலில் ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள். பல டிராக்டர்களில் தண்ணீர்ப் பம்பையும் ஆல்டர்நேட்டரையும் ஒரே பெல்ட்தான் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் இஞ்சினை உடனே நிறுத்துங்கள். பெல்ட் நன்றாக இருந்து சூடு மட்டும் ஏறினால் கலப்பையைத் தூக்கிவிட்டுச் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தலாம். கதிரடிக்கும் காலத்தில் பெரும்பாலும் ரேடியேட்டரில் அடைந்த தூசும் வைக்கோல் துகளுமே காரணம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். கொதிக்கும் இஞ்சினில் குளிர்ந்த நீர் ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம்.

மஞ்சள் விளக்கு சிவப்பைப் போல அவசரமல்ல. ஆனாலும் நாள் கடத்தக் கூடாது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியில் புதிய புகைக் கட்டுப்பாடு வந்த பிறகு, இவற்றில் மின்னணுக் கருவிகள் கூடிவிட்டன. இஞ்சின் படமிட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால் ஒயர்களில் கை வைக்காமல் கம்பெனி பணிமனையில் காட்டுவதே நல்லது.

வாடகைக்கு ஓட்டும் டிரைவர்கள் வண்டியை நிறுத்தத் தயங்குவது, மணிக் கணக்கு குறைந்தால் முதலாளி திட்டுவார் என்ற பயத்தால்தான். சிவப்பு விளக்கு எரிந்து நிறுத்தினால் அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்கமாட்டேன் என்று அவரிடம் முன்னதாகவே சொல்லி வையுங்கள்.