கொலைக்கு இடம் பார்த்த அம்மையார்: தெரியுமா?

அகதா கிறிஸ்டி பத்துப் பேரை அடைத்துவைத்துச் சாகடித்த தீவுக்கு இன்றைக்கும் டிராக்டரில் ஏறிப் போகலாம், தெரியுமா? வயலில் ஓடும் டிராக்டர் இல்லை, கடலுக்குள் ஓடும் டிராக்டர்! இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் கடற்கரையை ஒட்டிக் கிடக்கிறது பர் தீவு. கடல் வற்றினால் மணலில் நடந்தே போய்விடலாம். கடல் ஏறினால் வழி மூழ்கிவிடும். அப்போது நெட்டைக் கால்களின் மேல் மேடை கட்டிய ஒரு டிராக்டர், ஆட்களை ஏற்றிக்கொண்டு தண்ணீருக்குள் உருண்டு வரும். நாளைக்கு இரண்டு முறை தானாகப் பூட்டிக்கொள்ளும் இடம்! துப்பறியும் கதை எழுதுகிறவருக்கு வேறென்ன வேண்டும்? 1939-இல் ஒரு நாவலில் அந்தப் பத்துப் பேரை முடித்தார். ஆசை தீரவில்லை. 1941-இல் அதே தீவுக்கு வேறு பெயர் சூட்டி, தன் கதைகளின் துப்பறிவாளர் ஹெர்க்யூல் பொய்ரோவை விடுமுறைக்கு அனுப்பி, அங்கேயும் ஒரு பெண்ணைக் கொன்றுபோட்டார்.

சொந்த வீட்டையாவது விட்டுவைத்தாரா? இல்லையே! டார்ட் நதிக்கரையில் 1938-இல் அவர் வாங்கிய வீடு கிரீன்வே. விலை 6,000 பவுண்டு. அதன் தோட்டத்தில், ஆற்றோரம் ஒரு படகுக் கொட்டகை. 1956-இல் வந்த 'டெட் மேன்ஸ் ஃபாலி' நாவலில் பிணம் கிடப்பது அச்சு அசல் அந்தக் கொட்டகையில்தான். பொய்ரோவாகவே வாழ்ந்த நடிகர் டேவிட் சூஷே, 2013-இல் அந்தப் பாத்திரத்துக்கான கடைசிப் படப்பிடிப்பில் நின்றதும் இதே கிரீன்வேயில்!

சரி, ரயிலுக்கு வருவோம். 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' எப்படிப் பிறந்தது தெரியுமா? அதற்கு முதலில் ஈராக் போக வேண்டும். முதல் கணவர் பிரிந்த பிறகு, 1928-இல் அகதா தனியாக ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் கிழக்கே கிளம்பினார். ஊர் என்னும் பழம்பெரும் நகரத்தை லியோனார்ட் வூலி தோண்டிக்கொண்டிருந்த காலம் அது. 1930-இல் மறுபடி அங்கே போனபோது மாக்ஸ் மல்லோவன் என்ற இளம் தொல்லியலாளரைச் சந்தித்தார். மாக்ஸ் இவரைவிடப் பதினான்கு வயது இளையவர். அதே ஆண்டிலேயே கல்யாணம்! அந்த முகாமை ஆட்டிப்படைத்தவர் வூலியின் மனைவி கேத்தரின். அழகி, அறிவாளி, எந்த நேரம் என்ன குணத்தில் இருப்பார் என்று யாருக்கும் பிடிபடாது. 1936-இல் வந்த 'மர்டர் இன் மெசொப்பொட்டேமியா'வில் கொல்லப்படுகிறவர் யார்? அகழ்வாய்வுத் தலைவரின் அழகான மனைவி! நண்பர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து அந்த வீட்டம்மாளையே கதையில் போட்டுத்தள்ளும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

1931 டிசம்பரில், நினிவேயில் வேலையாக இருந்த மாக்ஸை விட்டுவிட்டு அகதா மட்டும் லண்டனுக்கு ரயில் ஏறினார். வழியில் கனமழை தண்டவாளத்தை அரித்துப்போட, ரயில் நின்றுவிட்டது. அவர் செய்த வேலை என்ன? சக பயணிகளை ஒவ்வொருவராக அளந்து பார்த்துக் கணவருக்குக் கடிதம் எழுதினார்! ஓயாமல் குறைசொல்லும் ஓர் அமெரிக்க அம்மாள், ரயில் கம்பெனியின் இயக்குநர் ஒருவர்... நாவலைப் படித்தவர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள். பனி மட்டும் வேறு கணக்கு. 1929 குளிர்காலத்தில் துருக்கியில் செர்கெஸ்கொய் அருகே அதே ரயில் பனியில் புதைந்து நாள்கணக்கில் நின்றது. அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவியிருந்தது.

ரயில் கிடைத்துவிட்டது, கொலைக்குக் காரணம்? அதை அமெரிக்கா கொடுத்தது. 1932 மார்ச் 1, நியூஜெர்சி. அட்லாண்டிக் கடலைத் தனியாக விமானத்தில் தாண்டிய வீரர் சார்லஸ் லிண்ட்பெர்க்கின் இருபது மாதக் குழந்தையை, மாடி ஜன்னலில் ஏணி சாத்தித் தூக்கிப்போனார்கள். 50,000 டாலர் பணம் கொடுத்தும் பயனில்லை. மே மாதம் குழந்தையின் உடல்தான் கிடைத்தது. விசாரணையின் கெடுபிடி தாங்காமல், லிண்ட்பெர்க்கின் மாமியார் வீட்டு வேலைக்காரப் பெண் ஒருவர் விஷம் குடித்து இறந்தார். குற்றம் எதுவும் செய்யாதவர்! நாவலிலும் ஒரு குழந்தை கடத்தப்படுகிறது, ஒரு பணிப்பெண் பழி பொறுக்காமல் சாகிறாள், கடத்தியவன் சட்டத்தின் கையிலிருந்து நழுவி சொகுசாக ரயிலேறுகிறான். மேலே சொன்னால் படிக்காதவர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள்.

மூச்சை நிறுத்தும் சங்கதி இனிமேல்தான். நாவல் புத்தகமாக வந்தது 1934 ஜனவரியில். லிண்ட்பெர்க் வழக்கில் ஹாப்ட்மேன் என்பவரைப் போலீஸ் கைது செய்தது 1934 செப்டம்பரில்! ஆமாம், நிஜப் போலீஸ் ஆளைப் பிடிப்பதற்கு எட்டு மாதம் முன்பே பொய்ரோ தன் விசாரணையை முடித்துவிட்டார்.

லண்டனில் 1952 நவம்பர் முதல் ஓடும் 'தி மவுஸ்ட்ராப்' நாடகத்துக்குப் பின்னாலும் ஒரு குழந்தை உண்டு. கொரோனா ஒன்றுதான் அதை நிறுத்திவைத்தது. கொலைகாரர் யாரென்று வெளியே சொல்லாதீர்கள் என்று ஒவ்வொரு காட்சி முடிவிலும் பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வார்கள். அந்த விளையாட்டுக்கு அடியில் கிடப்பது 1945 ஜனவரியில் நடந்த கொடுமை. ஷ்ராப்ஷயரில் ஒரு பண்ணைவீட்டில், வளர்ப்புக்கு அனுப்பப்பட்ட 12 வயதுச் சிறுவன் அடியாலும் பட்டினியாலும் இறந்துபோனான். பிரிட்டனே கொதித்தது, குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் மாறியது. 1947-இல் ராணி மேரியின் எண்பதாவது பிறந்தநாளுக்காக பிபிசி ஒரு வானொலி நாடகம் கேட்டபோது, பின்னாளில் 'தி மவுஸ்ட்ராப்' ஆக வளர்ந்த அந்தக் கதையை அகதா எழுதித்தந்தது இந்தக் காயத்திலிருந்துதான். பிறந்தநாள் பரிசுக்கு எடுத்த கருவைப் பாருங்கள்!

நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பார்கள். 1911-இல் மசூரியின் சவாய் ஹோட்டலில் ஓர் ஆங்கிலப் பெண்மணி விஷத்தால் இறந்தார். அந்த வழக்குதான் அகதாவின் முதல் நாவலுக்கு வித்து என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ ஒட்டவில்லை. 1920-இல் வந்த அந்த நாவலின் விஷத்துக்கு மசூரி வரை போகத் தேவையே இல்லை. முதல் உலகப்போரில் டார்க்கி ஊர் மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்தவர் அவர். கைக்கெட்டும் அலமாரி முழுக்க விஷம்தான்! நாவலில் விஷத்தைக் கையாண்ட விதத்தை மருந்தாளுநர்களின் பத்திரிகையே பாராட்டியது.

அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்க ஊரில் ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். ஒருநாள் அவர் தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டு, மருந்தைப் பத்து மடங்கு வீரியத்தில் கலந்துவிட்டார். எடுத்துச் சொன்னால் ஒப்புக்கொள்ளும் ஆள் இல்லை. அகதா என்ன செய்தார் தெரியுமா? கால் இடறியதுபோல் நடித்து, மருந்துத் தட்டைக் கவிழ்த்து, விழுந்ததை நன்றாக மிதித்தும்விட்டார்! அதே மனிதர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு கட்டி குராரே விஷம் வைத்திருப்பார். ஏன் என்றால், அது தனக்குப் பலம் தருவதாகச் சொல்வாராம். அகதா அந்த முகத்தை நாற்பது ஆண்டுக்கு மேல் மனதில் பூட்டிவைத்து, 1961-இல் 'தி பேல் ஹார்ஸ்' நாவலில் திறந்துவிட்டார்.

அந்த நாவலின் குட்டை மட்டும் உடைக்காமல் தீராது. மாந்திரீகத்தால் சாகிறார்கள் என்று ஊரே நம்பும். உண்மையில் தாலியம் என்ற உலோக விஷம், முடி கொத்துக்கொத்தாக உதிர்வது அதன் அடையாளம். 1977-இல் கத்தாரிலிருந்து ஒரு கைக்குழந்தையை லண்டன் மருத்துவமனைக்குத் தூக்கிவந்தார்கள். என்ன நோய் என்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அப்போது படித்துக்கொண்டிருந்தது 'தி பேல் ஹார்ஸ்'! முடி உதிர்வதைக் கண்டதும், இது தாலியமாக இருக்குமோ என்றார். சோதித்தார்கள், தாலியமேதான். வீட்டில் பூச்சி, எலிக்கு வைத்த மருந்து குழந்தையின் வயிற்றுக்குப் போயிருந்தது. குழந்தை பிழைத்தது. அந்த டாக்டர்கள் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில், முந்தைய ஆண்டு காலமாகிவிட்ட அகதா கிறிஸ்டிக்கும் நன்றி சொன்னார்கள்!