விதையைக் கொல்லும் களைநாசினி

மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையிலுள்ள வாகரைப் பிரதேசத்தில் பெரும்போக வேளாண்மை வடகீழ்ப் பருவமழையை நம்பியே செய்யப்படுகின்றது. விதைநெல்லை நேரடியாக வீசி விதைப்பதே அங்கு வழமை. நெல்லும் களையும் ஒரே ஈரத்தில் ஒன்றாக முளைப்பதாலும், களை பிடுங்கக் கூலியாட்கள் கிடைப்பது அரிதாகிவிட்டதாலும் விவசாயிகள் களைநாசினியை நாடுகின்றனர். இதில் அவர்களைக் குறைகூற இடமில்லை. ஆயினும், களையை அழிக்கத் தெளிக்கும் மருந்தே விதைத்த நெல்லின் முளையைக் கருக்கிவிடும் சந்தர்ப்பங்கள் உண்டு. அவ்வேளைகளில் பழி பெரும்பாலும் விதைநெல்லின் மீதே விழுந்துவிடுகின்றது.

எந்தக் களைநாசினியும் நெல்லுக்கு இயல்பாகவே தீங்கற்றதன்று. நெல்லும் புல்லினத்தைச் சேர்ந்ததே. குறித்த ஒரு காரணத்தால் மட்டுமே நெல் தப்புகின்றது. விதைத்த சில நாட்களில் தெளிக்கப்படும் பிரெட்டிலாகுளோர், இளம் குருத்து வளரத் தேவையான கொழுப்பமிலங்கள் உருவாவதைத் தடுக்கின்றது. நேரடி விதைப்புக்கான தயாரிப்புகளில் பென்குளோரிம் என்னும் காப்புப்பொருள் சேர்க்கப்படுவது இதனாலேயே. முளைநெல் வேர்விட்டு அதனை உறிஞ்சிய பின்னரே பாதுகாப்புக் கிடைக்கும். காப்புப்பொருள் இல்லாத மருந்தைத் தெளித்தாலோ, வேர்விடுமுன் தெளித்தாலோ குருத்து முறுக்கி, இலை விரியாமல் நாற்று குட்டையாகிவிடும்.

ஒரு காலத்தில் பரவலாகப் பாவிக்கப்பட்ட புரோப்பனிலை நெல் தன்னிடமுள்ள ஒரு நொதியத்தால் சிதைத்துத் தப்பியது. ஓகனோபொஸ்பரஸ் அல்லது காபமேற் வகைப் பூச்சிநாசினியை அதே நாட்களில் தெளித்தால் அந்நொதியம் செயலிழந்து நெல்லும் கருகியது. எம்.சி.பி.ஏ. அகன்ற இலைக் களைகளுக்கானது. மிக இளம் நெல் நாற்றையும் அது பாதிக்கும். காற்றில் பரவினால் அயலிலுள்ள கச்சான், பயறு, மிளகாய்ச் செடிகளின் இலைகளும் சுருண்டுவிடும். 2015இல் தடைசெய்யப்பட்டு 2022இல் மீண்டும் அனுமதிக்கப்பட்ட கிளைபோசேட்டோ பயிரையும் களையையும் பிரித்தறியாது.

கரையோர மண்ணின் தன்மை இவ்வாபத்தை மேலும் கூட்டுகின்றது. களிமண்ணும் சேதனப் பொருளும் குறைந்த மணல் நிலம் மருந்தைப் பிடித்துவைப்பதில்லை. தெளித்தபின் பெய்யும் மழை அதனை விதை கிடக்கும் ஆழத்துக்குக் கொண்டுசென்றுவிடும். களிமண் வயலில் பாதுகாப்பான அளவு மணல் வயலில் பாதகமாகலாம்.

முளை கெட்டால் மீண்டும் உழவு, விதை, கூலி என முழுச் செலவும் திரும்ப வருகின்றது. அதற்குள் உரிய மழையும் கடந்துவிடக்கூடும். கடன்பட்டு விதைத்த குடும்பத்துக்கு இது சிறு இழப்பன்று.

செலவில்லாத இரு சோதனைகள் இங்கு உதவும். விதைப்புக்கு முன் 100 நெல்மணிகளை ஈரச் சாக்கில் முளைக்கவைத்து எண்ணிப் பார்க்கலாம். அங்கு நன்கு முளைத்தது வயலில் முளைக்காவிடின் குற்றத்தை விதையின் மீது மட்டும் சுமத்த முடியாது. மருந்து பட்ட மண்ணை ஒரு சட்டியிலும் படாத மண்ணை இன்னொன்றிலும் இட்டு, அதே விதையை விதைத்து இரு வாரங்கள் ஒப்பிட்டால் உண்மை பெருமளவு தெளிவாகும். தெளிகருவியை ஒவ்வொரு முறையும் நன்கு கழுவுவதும் அவசியமாகும்.

எனினும் முழுப் பொறுப்பையும் விவசாயியின் தலையில் சுமத்துவது நியாயமாகாது. எந்த மருந்தை எப்போது தெளிப்பது என்பதைக் கடைக்காரர் தீர்மானிக்கும் நிலை மாற வேண்டும். பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டங்களில் விவசாயப் போதனாசிரியர்கள் இதனை விளக்க வேண்டும். விவசாயத் திணைக்களமும் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடமும் வாகரை மண்ணிலேயே பரிசோதனை செய்து, முடிவுகளை எளிய தமிழில் விவசாயிகளிடம் சேர்க்க வேண்டும்.

கோறளைப்பற்றில் தமிழ், முஸ்லிம் விவசாயிகள் அயலயலே வேளாண்மை செய்கின்றனர். ஒருவர் வயலில் தெளிக்கும் மருந்து மற்றவர் பயிரில் படியும். ஆகவே, தெளிக்கும் நாளை முன்கூட்டியே அயலவருக்கு அறிவிக்கும் ஒழுங்கை விவசாய அமைப்புகள் ஏற்படுத்துமாயின், பயிரிழப்பும் வீண் பிணக்கும் தவிர்க்கப்படும் என்பதே எமது கருத்தாகும்.