சொந்தமா லாரி வாங்கப் போறீங்களா? முதல் வருஷ இன்சூரன்ஸ் ஏன் இவ்வளவு இடிக்குது? முழு விவரம்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் பல வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டிய டிரைவருக்கு ஒரே கனவுதான் இருக்கும். சொந்தமாக ஒரு லாரி. சேமிப்பு, வீட்டு நகை, ஃபைனான்ஸ் என எல்லாம் சேர்த்து வண்டியும் வாசலுக்கு வந்துவிடும். டீசல், டோல், டயர், மாத டியூ எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டவர்கூட தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அதுதான் இன்சூரன்ஸ்.

ஒரே ஒரு லாரியை வைத்துத் தொழில் தொடங்குபவருக்கு இந்தச் செலவு ஏன் இவ்வளவு வருகிறது? எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கவே கூடாது? பார்க்கலாம்.

ஒரு பாலிசி, இரண்டு பிரீமியம்

லாரி பாலிசியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. முதலாவது தேர்டு பார்ட்டி. நம்ம லாரியால் அடுத்தவர் உயிருக்கோ, உடலுக்கோ, சொத்துக்கோ பாதிப்பு வந்தால் நஷ்டஈடு கொடுப்பது இது. சட்டப்படி கட்டாயம். இரண்டாவது ஓன் டேமேஜ். விபத்து, தீ, திருட்டு, வெள்ளத்தில் நம்ம லாரிக்கே வரும் சேதத்துக்கானது. சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் கடனில் வாங்கிய வண்டி என்றால் ஃபைனான்ஸ் கம்பெனி விடாது. அவர்களுக்கு அடமானமே அந்த லாரிதான்.

தேர்டு பார்ட்டி கட்டணம் எவ்வளவு?

இந்தத் தொகையை இன்சூரன்ஸ் கம்பெனி இஷ்டத்துக்கு வைக்க முடியாது. மத்திய அரசு நிர்ணயிக்கிறது. வண்டி எடையும் சரக்கு எடையும் சேர்ந்த மொத்த எடைதான் அளவுகோல். 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அட்டவணைப்படி, வாடகைக்கு ஓடும் சரக்கு வாகனங்களுக்கு ஆண்டுக் கட்டணம் இதுதான்:

• 7,500 கிலோ வரை – ரூ.16,049
• 7,500 முதல் 12,000 கிலோ வரை – ரூ.27,186
• 12,000 முதல் 20,000 கிலோ வரை – ரூ.35,313
• 20,000 முதல் 40,000 கிலோ வரை – ரூ.43,950
• 40,000 கிலோவுக்கு மேல் – ரூ.44,242

6 சக்கர லாரி பெரும்பாலும் மூன்றாவது வரிசையில் வரும். 10 சக்கரம், 12 சக்கரம் என்றால் நான்காவது. இதே அட்டவணையில் 1,000 முதல் 1,500 சிசி வரையிலான காருக்குக் கட்டணம் ரூ.3,416 தான்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்?

கார் வீட்டில் நிற்கும் நாட்கள் அதிகம். லாரி நின்றால் வருமானம் இல்லை. ராத்திரி பகலாக நெடுஞ்சாலையில்தான் இருக்கும். மோதினால் சேதமும் பெரிது. அதோடு, விபத்தில் உயிரிழப்போ காயமோ ஏற்பட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் ஆகியவற்றைப் பார்த்து தீர்ப்பாயம் முடிவு செய்யும். சொத்துச் சேதத்துக்கு மட்டும்தான் ரூ.7.5 லட்சம் என்ற வரம்பு.

அப்போ புது ஓனருக்கு மட்டும் எங்கே இடிக்குது?

தேர்டு பார்ட்டியில் புது ஓனர், பழைய ஓனர் என்ற பேதமே இல்லை. 100 லாரி வைத்திருப்பவருக்கும் அதே ரேட்தான். வித்தியாசம் வருவது ஓன் டேமேஜில்.

கிளைம் எதுவும் வாங்காமல் ஓட்டினால் 'நோ கிளைம் போனஸ்' என்ற தள்ளுபடி கிடைக்கும். முதல் வருஷம் முடிந்ததும் 20%, பிறகு 25%, 35%, 45% என ஏறி, ஐந்து வருஷத்தில் 50% ஆகும். இது வண்டிக்கானது அல்ல, ஓனருக்கானது. பழைய ஓனர் தன் லாரியை விற்றுவிட்டுப் புதுசு வாங்கினால் இந்தச் சலுகையையும் கூடவே கொண்டு போகலாம். முதல் லாரி வாங்குபவருக்கு அது பூஜ்ஜியம். போதாக்குறைக்கு, புது வண்டியின் மதிப்பு அதிகம் என்பதால் பிரீமியமும் அதிகம். நிறைய லாரி வைத்திருப்பவர் பேரம் பேசிக் குறைக்கலாம். ஒற்றை லாரிக்காரருக்கு அந்தப் பலம் இல்லை.

ஒரு சின்ன கணக்கு

10 சக்கர லாரி ஒன்றுக்கு ஓன் டேமேஜ் பிரீமியம் ரூ.40,000 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி 18% சேர்த்தால் ரூ.47,200. தேர்டு பார்ட்டி ரூ.43,950. சரக்கு வாகன தேர்டு பார்ட்டிக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12%-ல் இருந்து 5% ஆகக் குறைந்தது. அதைச் சேர்த்தால் சுமார் ரூ.46,148. ஆக மொத்தம் ரூ.93,348.

அதே லாரியை 50% போனஸ் உள்ளவர் வாங்கினால் ரூ.69,748 தான். வித்தியாசம் ரூ.23,600. இதையும் மாதாமாதம் கட்ட முடியாது. பிரீமியம் கைக்கு வந்த பிறகுதான் கம்பெனி பொறுப்பேற்கும் என்பது இன்சூரன்ஸ் சட்டம். டியூ கட்டும் அதே கையால் ஒரே தவணையில் எடுத்து வைக்க வேண்டும்.

பணம் கட்டியும் கிளைம் கிடைக்காத இடங்கள்

• டயர், லைட், பம்பர், பெயிண்ட்: சரக்கு வாகனங்களின் சாதாரண பாலிசியில், லாரி முழுதாக அழிந்தால் தவிர, இவை மட்டும் சேதமானால் பணம் வராது. 'ஐஎம்டி 23' என்ற கூடுதல் கவர் சேர்த்திருக்க வேண்டும்.

• லோடு: ஏற்றிய சரக்குக்கும் லாரி பாலிசிக்கும் சம்பந்தமில்லை. அதற்குத் தனி பாலிசி.

• வழியில் ஏற்றும் ஆட்கள்: ஐம்பது, நூறு வாங்கிக்கொண்டு ஏற்றிச் செல்லும் பயணிக்கு ஏதாவது ஆனால் பாலிசி கைகொடுக்காது. சரக்கின் சொந்தக்காரரோ, அவர் அனுப்பிய ஆளோ கூட வந்தால் அது வேறு.

• லைசென்ஸ், பர்மிட்: தகுந்த லைசென்ஸ் இல்லாத டிரைவர் ஓட்டினாலோ, பர்மிட் இல்லாமல் ஓடினாலோ, பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு, அதை ஓனரிடம் வசூலிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்எம்வி லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதற்கு மேல் என்றால் ஹெவி லைசென்ஸ் கட்டாயம்.

பழைய லாரி வாங்குறீங்களா?

ஆர்சி புக் பெயர் மாறினால் மட்டும் போதாது. 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தேர்டு பார்ட்டி கவர் தானாகவே புது ஓனருக்கு வந்துவிடும். ஓன் டேமேஜ் அப்படி வராது. பாலிசி பழைய ஓனர் பெயரிலேயே இருந்தால், நாளைக்கு வண்டி கவிழ்ந்தாலும் கிளைம் சிக்கல்தான்.

செலவை எப்படிக் குறைக்கலாம்?

• வண்டி வாங்கிய இடத்தில் நீட்டும் பாலிசியில் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். தேர்டு பார்ட்டி எங்கும் ஒன்றுதான். ஓன் டேமேஜ் ரேட்டை மூன்று, நான்கு கம்பெனிகளில் கேட்டு ஒப்பிடுங்கள்.

• சின்ன சேதத்துக்குக் கிளைம் போடும் முன் கணக்குப் பாருங்கள். ரிப்பேர் ரூ.5,000, அடுத்த வருஷம் கிடைக்கவிருக்கும் போனஸ் ரூ.8,000 என்றால் கைக்காசில் செய்வதே லாபம்.

• பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் சேர்த்த போனஸ் எல்லாம் போய்விடும். முடியும் தேதியை போனில் குறித்து வையுங்கள்.

• பிரீமியம் குறையட்டும் என்று வண்டி மதிப்பைக் குறைத்துக் காட்டாதீர்கள். வண்டி திருடு போனால் அந்தக் குறைந்த தொகைதான் வரும். அதிலும் முதல் பங்கு ஃபைனான்ஸுக்கு.

• சொந்த வண்டியைத் தானே ஓட்டுபவருக்கான ரூ.15 லட்சம் விபத்துக் காப்பீட்டையும், டிரைவர், கிளீனருக்கான கவரையும் வெட்டாதீர்கள். இதில் மிச்சமாவது சொற்பம்தான்.

இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை ரூ.2,000, அடுத்த முறை ரூ.4,000 அபராதம், மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் விதிக்கலாம். 'அபராதம்தானே, கட்டிக்கலாம்' என்று தோன்றலாம். ஆனால் அந்த இடைவெளியில் ஒரு உயிர் போனால், தீர்ப்பாயம் சொல்லும் முழுத் தொகையும் ஓனர் தலையில்தான். அப்போது லாரியோடு, அதை வாங்க அடகு வைத்த நகையும் வீட்டுக்குத் திரும்பாது.