படுக்கையில் விழுமுன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

புதுதில்லி: எழுபது வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வரம்பின்றி, ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரையிலான மருத்துவக் காப்பீட்டை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. வரவேற்கத்தக்க திட்டம்தான். ஆனால், முதியவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறகே அது கைகொடுக்கும். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவரது உடல் தளர்வதைக் கண்டறிவது யார்?

தளர்ச்சி ஒரே நாளில் வருவதில்லை. முதலில் நடை தளர்கிறது; பிறகு குளிக்கவும் உடுத்தவும் பிறர் துணை தேவைப்படுகிறது. சுமார் 34 ஆயிரம் முதியவர்களின் விவரங்களைத் தொகுத்து 2011-இல் வெளியான ஆய்வு, நடை வேகத்துக்கும் எஞ்சிய ஆயுளுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதைக் காட்டியது. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 14 விநாடிகளுக்கு மேல் ஆனால், அவரை மேலும் பரிசோதிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்குத் தேவை ஒரு நாற்காலியும் கடிகாரமும் மட்டுமே.

மத்திய அரசின் முதியோர் ஆய்வு 2017-18-இல் நடத்தப்பட்டு, 2021-இல் வெளியானது. அதன்படி, அறுபது வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அன்றாடச் செயல்களில் ஏதேனும் ஒன்றிலாவது சிரமம் உள்ளது.

படிவத்தில் உண்டு, மதிப்பெண் இல்லை

கேள்விகள் இல்லாமல் இல்லை. 'ஆஷா' பணியாளர்கள் வீடுவீடாகப் பூர்த்தி செய்யும் படிவத்தில் முதியோருக்கென நான்கு கேள்விகள் உள்ளன. நிற்கும்போதோ நடக்கும்போதோ தடுமாற்றம் உண்டா, நடமாட்டத்தைத் தடுக்கும் உடல் குறைபாடு உண்டா, அன்றாடச் செயல்களுக்குப் பிறர் உதவி தேவையா, நெருங்கியவர்களின் பெயரோ வீட்டு முகவரியோ மறந்துபோகிறதா என்பவையே அவை. ஆனால், புகையிலைக்கும் இடுப்பளவுக்கும் மதிப்பெண் தரும் அப்படிவம், இந்த நான்குக்கும் மதிப்பெண் தருவதில்லை.

'ஆம்' என்ற பதிலுக்குப் பின் என்ன நடக்கிறது என்பதே முக்கியம். தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி, மூக்குக் கண்ணாடி, சத்தான உணவு, தலைசுற்றலை உண்டாக்கும் மருந்துகளின் மறுஆய்வு ஆகியவை பல வீழ்ச்சிகளைத் தவிர்க்கும். இவை இடுப்பெலும்பு முறிவுக்கான அறுவைச் சிகிச்சையைவிட மலிவானவை. ஜப்பான் 2006-இலேயே 25 கேள்விகள் கொண்ட பட்டியலைத் தடுப்புப் பராமரிப்புடன் இணைத்துவிட்டது.

வழங்கப்பட்ட காப்பீட்டு அட்டைகள் எத்தனை என்று நாடாளுமன்றத்தில் கேட்கும் உறுப்பினர்கள், இன்னொன்றையும் கேட்கலாம்: 'ஆம்' என்றவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேரை மருத்துவர் பார்த்தார்?