பிறந்த சிசுவின் உடற்சூடு

தாயின் வயிற்றில் ஒரே சீரான வெதுவெதுப்பில் வளர்ந்த சிசு, பிறந்த கணத்திலேயே நனைந்த உடலோடு வெளிக்காற்றுக்கு வந்துவிடுகிறது. சென்னையின் வெப்பத்திலேகூட அது குளிர்ந்துபோகக்கூடும். அவ்வாறாயின், தை மாதத்து டில்லியிலும் லக்னௌவிலும் குடியிருக்கும் நம்மவர் இல்லங்களில் எவ்வளவு விழிப்பு வேண்டுமென்பதை நேயர்கள் உணர்வார்கள்.

குளிரெடுத்தால் நமக்கு உடல் நடுங்குகிறது. அந்நடுக்கமே சூட்டை உண்டாக்குகிறது. புதிதாய்ப் பிறந்த சிசு பெரும்பாலும் நடுங்குவதில்லை. அதற்கு ஈடாக, பிடரியிலும் தோள்பட்டைகளுக்கிடையிலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் பழுப்பு நிறக் கொழுப்பு ஒன்று சேர்ந்திருக்கிறது. அது எரிந்து சூடு தருகிறது. ஆனால், அவ்வாறு சூடுண்டாகும்போது பிராணவாயுவும் சர்க்கரையும் மிகுதியாகச் செலவாகின்றன. ஆகவே குளிர்ந்த குழந்தை வெறுமனே குளிர்ந்து கிடப்பதில்லை. அதற்கு மூச்சு வாங்குகிறது. இரத்தத்தில் சர்க்கரை குறைகிறது. சோர்ந்துபோய்ப் பால் குடிக்க மறுக்கிறது. பாலின்றிச் சூடு ஏது? குறைமாதக் குழந்தையிடமோ இக்கொழுப்பு மிகவும் சொற்பம்.

செவிலியர் பயிற்சி பெறும் மாணவியர் அப்கார் மதிப்பீட்டை மனப்பாடமாகச் சொல்வர். 1952-இல் அமெரிக்க மருத்துவர் வர்ஜீனியா அப்கார் வகுத்த முறை அது. இருதயத் துடிப்பு, சுவாசம், தசைகளின் முறுக்கு, தூண்டினால் காட்டும் எதிர்ச்செயல், சருமத்தின் நிறம் ஆகிய ஐந்துக்கும் தலா 2 வீதம் மொத்தம் 10 எண்கள். முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் கணிப்பார்கள். சிறந்த முறைதான், ஆயினும் அவ்வைந்தில் உடற்சூடு இடம்பெறவில்லை. 9 எண்கள் பெற்ற குழந்தையும் ஈரத் துணியில் கிடந்தால் விரைவிலேயே குளிர்ந்துவிடும்.

எனவே பிறந்தவுடன் நன்கு துவட்டி, நனைந்த துணியை அகற்றி, குழந்தையைத் தாயின் வெறும் மார்பின்மேல் கிடத்தி இருவரையும் போர்த்துதல் வேண்டும். தலைக்குக் குல்லாய் அவசியம். உடலோடு ஒப்பிட்டால் சிசுவின் தலை பெரிது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தர வேண்டும். பிறந்த அன்றே வெந்நீரில் குளிப்பாட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. பெரியோர் மனம் கோணினாலும், இதை விட்டுவிடுவதே நன்று. குறைந்தது 24 மணி நேரம் பொறுக்க வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

அக்குளில் வைத்த வெப்பமானி 36.5 முதல் 37.5 டிகிரி செல்ஸியஸ் வரை காட்டினால் கவலையில்லை. கருவி இல்லாத வீட்டில் நம் புறங்கையே போதும். குழந்தையின் வயிற்றையும் உள்ளங்காலையும் தொட்டுப் பார்க்கலாம். இரண்டும் வெதுவெதுப்பாயிருப்பின் நலம். வயிறு வெதுவெதுப்பாகவும் கால் சில்லென்றும் இருப்பின், குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது. உடனே மார்போடு அணைத்துப் பாலூட்டுக. இரண்டுமே குளிர்ந்திருந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். போகும் வழியெல்லாம் குழந்தை தாயின் மார்போடு ஒட்டியே இருக்கட்டும்.