அறுந்த பிறகு மாற்றும் பெல்ட் அல்ல இது

நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்கு பெல்ட்டையும் பம்பையும் யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1935இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது, நீரோடு சேர்ந்து கறுப்பாக ஏதோ பொங்கி வந்தது. அதுதான் இந்த ஊரின் தொடக்கம். நிலக்கரியைக் காட்டிக்கொடுத்த அந்தத் தண்ணீரே பிறகு சுரங்கத்துக்குப் பெரிய சவாலாகவும் ஆனது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியிலுள்ள நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. மேலே இருக்கும் மண்ணை வெட்டி எடுத்துவிட்டால், அந்த அழுத்தம் சுரங்கத்தின் தரையையே பிளந்துவிடும். அதனால்தான் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, இரவு பகல் பாராமல் நீரை இறைக்கிறார்கள். வெட்டிய மண்ணையும் நிலக்கரியையும் சுமப்பது கன்வேயர். உள்ளே எஃகு வடம் ஓடும் ரப்பர் பெல்ட், 2400 மி.மீ. அகலம் வரை உண்டு. பம்ப் நின்றால் சுரங்கத்துக்கு ஆபத்து. பெல்ட் நின்றால், மண்ணை வெட்டும் அடுக்குமாடிக் கட்டடம் போன்ற பக்கெட் வீல் இயந்திரமும் வெறுமனே நிற்கும்.

டவுன்ஷிப்பில் ஏதாவது ஒரு வட்டத்தில், குவார்ட்டர்ஸ் வாசலில் வேப்ப மர நிழலில் நிற்கும் சின்னக் காரின் இன்ஜினும் இதே இரண்டையும் நம்பித்தான் ஓடுகிறது. ஒன்று டைமிங் பெல்ட், மற்றொன்று வாட்டர் பம்ப். சுரங்கத்தில் பெல்ட்டையும் பம்பையும் எப்படிப் பராமரிக்கிறோமோ, அந்த ஒழுக்கத்தை வீட்டுக் காருக்கும் காட்ட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். சுரங்கத்தில் யாரும் பெல்ட் அறுந்து விழட்டும் என்று காத்திருப்பதில்லை. காரில் மட்டும் பலர் காத்திருக்கிறார்கள்.

முதலில் பெல்ட். இன்ஜினின் கீழ்ப்பகுதியில் கிராங்க் சுழல்கிறது. பிஸ்டன்கள் மேலும் கீழும் ஏறி இறங்கும் அசைவைச் சுழற்சியாக மாற்றுவது அதுதான். மேலே, சிலிண்டர் ஹெட்டில் கேம் சுழல்கிறது. காற்றும் எரிபொருளும் உள்ளே போகவும் புகை வெளியேறவும் வால்வுகளைத் திறந்து மூடுவது அதன் வேலை. இரண்டும் தாளம் தப்பாமல் சுழல வேண்டும். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் சரியாக ஒரு சுற்று. மேலே உள்ள பல்சக்கரத்தில் கீழே உள்ளதைப்போல் இரு மடங்கு பற்கள் இருப்பது அதற்காகத்தான். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால், ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. அந்த வேகத்தில் கேமையும் கிராங்கையும் கட்டிப்போட்டிருப்பது, விரற்கடை அகலமுள்ள ஒரு பல்வைத்த ரப்பர் நாடா.

பல்வைத்த நாடா முதலில் காருக்காகப் பிறக்கவில்லை. 1940களில் அமெரிக்காவில், தையல் மிஷினின் ஊசியும் அடிநூல் பாபினும் ஒரே கணக்கில் இயங்குவதற்காக உருவானது. சாதாரணப் பட்டை கொஞ்சம் வழுக்கும், பல்வைத்த பட்டை வழுக்காது. காருக்குள் அது வந்த கதையில் எனக்குப் பிடித்த ஒரு தற்செயல் உண்டு. நெய்வேலி அனல் மின் நிலையத்தின் முதல் அலகு மின்சாரம் தரத் தொடங்கியது 1962இல். அதே ஆண்டில்தான் ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் நகரில் கிளாஸ் என்ற சிறிய நிறுவனம், டைமிங் பெல்ட் பொருத்திய 1004 காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெரிய அளவில் தயாரான கார்களில் அதுதான் முதல். 1966இல் ஃபியட்டும் தன் இரட்டை கேம் இன்ஜினில் பெல்ட் போட்ட பிறகு, உலகமே அந்த வழியில் நடந்தது. செயினைவிட பெல்ட் விலை குறைவு, எடை குறைவு, சத்தமும் குறைவு. எண்ணெயில் நனைந்திருக்க வேண்டிய அவசியமும் கிடையாது.

நம் ஊர்ச் சாலைகளிலும் அது நிறையவே ஓடியிருக்கிறது. மாருதி 800, பழைய ஆல்ட்டோ, ஜென், முதல் தலைமுறை சான்ட்ரோ, டாடா இண்டிகா டீசல், ஃபிகோ டீசல், டஸ்டர் டீசல், போலோ டீசல் எல்லாம் பெல்ட் வண்டிகள். பிறகு வந்த பல மாருதி, ஹூண்டாய் பெட்ரோல் இன்ஜின்களும் ஸ்விஃப்ட் டீசலும் செயினுக்கு மாறிவிட்டன. உங்கள் வண்டி எந்த வகை என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

பெல்ட்டின் உள்ளே ஓடுவது கண்ணாடி இழை. சுரங்கப் பெல்ட்டில் எஃகு வடம் செய்யும் வேலையை இங்கே அது செய்கிறது. கண்ணாடி இழை நீளாது, அதனால்தான் தாளம் பிசகுவதில்லை. ஆனால் மடக்கினால் உடையும். புதுப் பெல்ட்டைப் பையிலிருந்து எடுத்ததும் முறுக்கிப் பார்ப்பது, உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பற்களைப் பார்ப்பது, இடம் அடைக்கிறதென்று சுருட்டி வைப்பது, இவை மூன்றும் பலரிடம் உள்ள பழக்கம். மடங்கிய இடத்தில் இழை உள்ளுக்குள்ளேயே முறிந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அந்த இடத்தில்தான் அது ஒரு நாள் அறும்.

அறுந்தால் என்ன ஆகும் என்பது இன்ஜினைப் பொறுத்தது. கேம் அந்த நொடியே நின்றுவிடும். நின்ற இடத்தில் சில வால்வுகள் திறந்தபடியே இருக்கும். வண்டி ஓடும் வேகத்தில் கிராங்க் இன்னும் சில சுற்றுச் சுற்றும், பிஸ்டன்கள் மேலே ஏறும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் போதிய இடைவெளி விட்டு வடிவமைத்த இன்ஜின் என்றால் வண்டி நிற்பதோடு போயிற்று. இடைவெளி இல்லாத இன்ஜினில் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். வால்வு வளைந்தால் ஹெட்டை இறக்க வேண்டும், செலவு பெல்ட் மாற்றுவதைப்போல் பல மடங்காகும். டீசல் இன்ஜின்களில் அழுத்த விகிதம் அதிகம் என்பதால் இந்த இடைவெளி பெரும்பாலும் இருக்காது. முன்னறிவிப்பும் கிடையாது. காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆன வண்டி, வடலூர் தாண்டும்போது திடீரென்று மௌனமாகிவிடும்.

ஆகவே கிலோமீட்டர் கணக்கு. வண்டியைப் பொறுத்து 60,000இலிருந்து 1,00,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வது வழக்கம். அதோடு ஆண்டுக் கணக்கு ஒன்றும் இருக்கும், எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. நெய்வேலியில் இந்த இரண்டாவது கணக்குதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். டவுன்ஷிப்புக்குள் வீடும் வேலையும் பஜாரும் பள்ளியும் சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. கார் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரும். பத்து வருடமாகியும் மீட்டரில் 35,000தான் காட்டும். அந்த எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ரப்பருக்கு மீட்டர் தெரியாது. கத்திரி வெயிலில் மூடிய பானெட்டுக்குள் ஒவ்வொரு வருடமும் அது கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டேதான் இருக்கும்.

அடுத்தது பம்ப். கையளவுதான் இருக்கும். ஒரு தண்டு, அதன் ஒரு முனையில் புல்லி, மறுமுனையில் இறக்கைகள் வைத்த சக்கரம், நடுவில் ஒரு பேரிங், ஒரு சீல். சக்கரம் சுழன்று கூலண்ட்டை இன்ஜினுக்குள்ளும் ரேடியேட்டருக்குள்ளும் சுற்றவிடுகிறது. வேலை முழுவதையும் தாங்குவது அந்தச் சீல்தான். சுழலும் முகமும் நிலையான முகமும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்க, அவற்றுக்கு நடுவில் கூலண்ட்டின் மெல்லிய படலம் மட்டும் உயவுப் பொருளாக இருக்கிறது. போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றக்கூடாது என்று சொல்வது இதனால்தான். அதிலுள்ள உப்பு சூட்டில் படிந்து கல்லாக இறுகும், அந்தத் துகள்கள் சீலின் முகத்தைத் தேய்த்துவிடும். கூலண்ட்டைக் காய்ச்சி வடித்த நீரோடு சொன்ன விகிதத்தில் கலந்து ஊற்றினால் துருவும் பிடிக்காது, கொதிநிலையும் கூடும்.

பம்பின் உடலில் கீழ்ப்பக்கம் ஒரு சிறு துளை இருக்கும். அதை அடைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு, தயவுசெய்து அடைக்காதீர்கள். சீல் கசியத் தொடங்கினால் கூலண்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியேறவும், நமக்குத் தகவல் சொல்லவும் வைத்த வழி அது. டார்ச் அடித்துப் பாருங்கள். துளைக்குக் கீழே பச்சையாகவோ சிவப்பாகவோ, ஊற்றிய கூலண்ட்டின் நிறத்தில் உலர்ந்த கோடு இறங்கியிருந்தால் பம்பின் காலம் முடிந்துவிட்டது. புல்லியைக் கையால் பிடித்து ஆட்டும்போது அசைவு தெரிந்தாலும் அப்படித்தான்.

இரண்டையும் ஏன் ஒன்றாக மாற்ற வேண்டும்? டஸ்டர், போலோ போன்ற டீசல் இன்ஜின்களில் வாட்டர் பம்பைச் சுழற்றுவதே டைமிங் பெல்ட்தான். பம்பின் பேரிங் இறுகினால் பெல்ட்டின் பற்களைச் சீவிவிடும், புதுப் பெல்ட்டும் தப்பாது. மாருதி 800, ஜென் போன்றவற்றில் பம்பைச் சுழற்றுவது ஆல்டர்னேட்டர் பெல்ட். ஆனால் பம்பின் போல்ட்டுகளைத் தொட வேண்டுமென்றால் டைமிங் பெல்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். இந்த வேலையில் உதிரிபாகத்தின் விலையைவிடப் பிரித்துப் பூட்டும் உழைப்புதான் பெரிது. பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு, ஒரு வருடத்தில் பம்ப் ஒழுக, மறுபடி அத்தனையையும் பிரிப்பது வீண். பெல்ட்டை விறைப்பாக வைத்திருக்கும் டென்ஷனரின் பேரிங்கையும் அதே கையோடு மாற்றிவிட வேண்டும். கிராங்க், கேம் ஆயில் சீல்களில் கசிவு தெரிந்தால் அவற்றையும் மாற்றிவிடுங்கள். எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிப்போகும்.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் வெந்நீர் முகத்தில் அடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுகிறார்கள். சின்னக் கார்களில் பெரும்பாலும் டிரைவர் பக்க முன்சக்கரத்துக்கு உள்ளேதான் பெல்ட் இருக்கும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி வைத்த பிறகே சக்கரத்தைக் கழற்றுவது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்கவே கூடாது. கூலண்ட்டை வடித்து, ஆல்டர்னேட்டர் பெல்ட்டை எடுத்து, இன்ஜினுக்கு அடியில் பலகை வைத்து முட்டுக்கொடுத்து, அந்தப் பக்க மவுண்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் கழற்றுகிறார்கள். உடம்பு வலிக்க வைப்பது கிராங்க் புல்லி போல்ட். பல வருடம் அசையாமல் இருந்தது, நீளமான கைப்பிடி இல்லாமல் அசையாது.

உறையை எடுத்ததும் பெல்ட் தெரியும். இனி அவசரமே கூடாது. கிராங்கைச் சாக்கெட் போட்டுக் கையால், இன்ஜின் ஓடும் திசையிலேயே திருப்பி, முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு வரும்படி நிறுத்துகிறார்கள். அப்போது மேல் பல்சக்கரத்தின் குறி ஹெட்டில் உள்ள குறிக்கு நேராகவும், கீழ்ப் பல்சக்கரத்தின் குறி பிளாக்கில் உள்ள குறிக்கு நேராகவும் வந்திருக்கும். அழுக்கைத் துடைத்து, இரண்டு இடத்திலும் வொயிட்னரால் ஒரு பொட்டு வைத்து, போனில் படம் எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம். பிறகுதான் டென்ஷனரைத் தளர்த்திப் பழைய பெல்ட்டை உருவ வேண்டும். பெல்ட் வெளியே இருக்கும்போது கிராங்கையோ கேமையோ யாரும் திருப்பக்கூடாது.

பம்ப் வெளியே வந்ததும், அது உட்கார்ந்திருந்த முகத்தில் பழைய கேஸ்கட் ஒட்டியிருக்கும். அலுமினியம் மென்மையானது, கூரிய உளியால் சுரண்டினால் கீறல் விழுந்து அதன் வழியே கசியும். பொறுமையாகச் சுத்தம் செய்து, புதுக் கேஸ்கட் வைத்து, போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கி, கடைசியில் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் முடிக்க வேண்டும். புதுப் பெல்ட்டைக் கிராங்கிலிருந்து தொடங்கி, இழுபடும் பக்கம் விறைப்பாக இருக்கும்படி மேலே ஏற்றுவது முறை. தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வந்து சேரும், அதை டென்ஷனர் எடுத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் எல்லாருக்கும் சாவியைத் திருப்பத் தோன்றும். திருப்பாதீர்கள். கிராங்கை மறுபடி கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். கேம் ஒரு சுற்று முடித்து, நான்கு குறிகளும் பழைய இடத்துக்கு வர வேண்டும். ஒரு பல் தள்ளியிருந்தாலும் பிரித்துத் திரும்பப் போட வேண்டியதுதான். சுற்றும் வழியில் இரும்பு இரும்பில் முட்டுவதுபோல் கை நின்றால், பலம் கொடுக்காமல் நிறுத்திவிடுங்கள். அது வால்வில் பிஸ்டன் தொடும் இடமாக இருக்கலாம். கையால் உணர்ந்தால் வால்வு தப்பிக்கும், ஸ்டார்ட்டர் மோட்டார் உணராது. வாசலில் நடக்கும் இந்த வேலையில் முழு மதிப்பும் அந்த இரண்டு சுற்றில்தான் இருக்கிறது.

எல்லா வண்டியும் வாசல் வேலைக்கு ஏற்றதல்ல. ஆல்ட்டோ, 800 போன்றவை கைப்பழக்கம் உள்ளவருக்கு ஒரு நாளில் முடியும். பல டீசல் இன்ஜின்களில் கேமையும் கிராங்கையும் அசையாமல் பூட்டும் சிறப்பு முளைகள் தேவை. அவை இல்லாமல் கண் கணக்கில் செய்வது சூதாட்டம். அந்த வண்டிகளைப் பட்டறைக்குக் கொடுத்துவிட்டு, பம்பையும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றச் சொல்லி, பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதே போதும்.

பூட்டி முடித்த பிறகு கூலண்ட்டை மெதுவாக ஊற்றி, உள்ளே சிக்கிய காற்று குமிழிகளாக வெளியேறும்வரை மூடியைத் திறந்தே ஓடவிட வேண்டும். ஹீட்டர் உள்ள வண்டியில் அதையும் திறந்து வைக்க வேண்டும். மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதை நிரப்பி, ஒரு வாரம் தினமும் பார்த்துக்கொள்ளுங்கள். வடித்த பழைய கூலண்ட்டைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், திறந்த பாத்திரத்தில் வாசலில் விடவும் வேண்டாம். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிக்கும். தெரு நாயோ குழந்தையோ சிறிது குடித்தாலும் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லும் விஷம் அது. மூடியுள்ள கேனில் பிடித்து, பெயர் எழுதி, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கேட்டு ஒப்படைத்துவிடுங்கள்.