377 போச்சு... 46 நிக்குது! ராணுவத்தில் தன்பாலின ஈர்ப்பாளர்களின் நிலை என்ன?

புதுக்கோட்டை:-

விடிந்தும் விடியாத நேரத்தில் புதுக்கோட்டை, ஆலங்குடி, கீரனூர் பக்கம் போனால் ஓட்டப்பயிற்சி எடுக்கும் இளைஞர்களைப் பார்க்கலாம். திருச்சி ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகம் நடத்தும் அக்னிவீர் தேர்வில் எப்படியாவது தேறிவிட வேண்டும் என்பது அவர்கள் கனவு. பையன் பட்டாளத்துக்குப் போனால் கடன் அடையும் என்று வீடே காத்திருக்கும்.

அந்தப் பையன்களில் ஒருவர் தன்பாலின ஈர்ப்பாளராக (பேச்சு வழக்கில் ஓரினச் சேர்க்கையாளர்) இருந்தால்? "அதான் கோர்ட்டே குற்றம் இல்லைன்னு சொல்லிடுச்சே" என்பீர்கள். அது பாதிதான் சரி.

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

வயது வந்த இருவர் சம்மதத்தோடு தனிமையில் உறவு கொள்வது குற்றம் அல்ல என்று 2018 செப்டம்பர் 6-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதுவரை 377-வது பிரிவில் ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் 377 என்ற பிரிவே இல்லை.

ஆனால் ராணுவத்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 1950-ம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 46-வது பிரிவு, "இயற்கைக்கு மாறான" இழிவான நடத்தைக்கு 7 ஆண்டு வரை ஜெயில் என்கிறது. எது இயற்கைக்கு மாறானது என்று அதில் விளக்கம் கிடையாது. அதை ராணுவ கோர்ட்டுதான் முடிவு செய்யும். டிஸ்மிஸ் ஆனால் வேலை மட்டுமல்ல, பென்சனும் போகலாம்.

படையினரின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் குறைக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 33-வது பிரிவு அனுமதிக்கிறது. கள்ளத்தொடர்பு விஷயத்திலும் இதே கதைதான். ஊருக்கு அது குற்றம் இல்லை என்று 2018-ல் தீர்ப்பு வந்தது. ராணுவம் தன் ஆட்கள் மீது நடவடிக்கை எடுக்கத் தடையில்லை என்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே தெளிவுபடுத்தியது.

மேஜர் சுரேஷ்

2019 ஜனவரியில் அப்போதைய ராணுவ தளபதி பிபின் ராவத், ராணுவம் பழமையில் ஊறியது, இதை அனுமதிக்க மாட்டோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். (2021-ல் குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தாரே, அவர்தான்.)

மேஜர் ஜெ.சுரேஷ் ராணுவத்தை விட்டு விலகிய பிறகு, 2020-ல்தான் தான் தன்பாலின ஈர்ப்பாளர் என்று பகிரங்கமாகச் சொன்னார். உள்ளே இருந்தவரை வாய் திறக்க முடியவில்லை. அவர் கதையை வைத்து டைரக்டர் ஓனிர் எடுக்க நினைத்த படத்துக்கும் 2022-ல் ராணுவ அமைச்சகம் அனுமதி மறுத்துவிட்டது. எல்லையில் குண்டடி படலாம், உண்மையைச் சொல்லக்கூடாதாம்!

தமிழ்நாட்டு போலீசில் மாற்றம்

காக்கிச்சட்டை விஷயத்தில் நம் மாநிலம் ஒரு படி முன்னே போயிருக்கிறது. வீட்டை விட்டு சென்னைக்கு வந்த மதுரை பெண்கள் இருவரின் வழக்கில் 2021-ல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு போட்டார். அதன் தொடர்ச்சியாக, இப்படிப்பட்டவர்களை போலீசார் தொந்தரவு செய்யக்கூடாது என்று 2022-ல் நடத்தை விதியிலேயே சேர்த்தார்கள்.

இங்கிலாந்து 2000-லும், அமெரிக்கா 2011-லும் படைகளில் இந்தத் தடையை நீக்கின. அந்தக் காலத்தில் துரத்தப்பட்ட வீரர்களிடம் இங்கிலாந்து பிரதமர் ரிஷி சுனக் 2023-ல் மன்னிப்பே கேட்டார்.

இங்கே 46-வது பிரிவை மாற்ற வேண்டும் என்றால் நாடாளுமன்றத்தில் சட்டத்திருத்தம் வர வேண்டும். அது வந்தாலும் இன்னொரு சிக்கல் பாக்கி இருக்கிறது. ஒரே பாலினத் திருமணத்துக்கு 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு அங்கீகாரம் தர மறுத்துவிட்டதால், வீரர் இறந்தால் கூட வாழ்ந்தவருக்கு மனைவி, கணவர் என்ற முறையில் குடும்ப பென்சன் கிடையாது.